ஹினோசாக்கி அணிக்கு வைத்த நேர்த்தி

மோர்டனில் எங்கள் ஆட்களின் கடை எதுவாக இருந்தாலும் அதன் குளிர்ப்பெட்டிக்குள் ஒரு முறையாவது தவராசாவின் தலை போய்வந்திருக்கும். மீன்கடை, இறைச்சிக்கடை, என்னுடைய பலசரக்குக் கடை எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியன். கூப்பிட்டால் உடனே வருவான். வந்து "என்ன?" என்பான். வேலை முடிந்ததும் "சரி" என்பான். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு மனிதன் லண்டனில் இருபது வருடத்துக்கு மேல் பிழைத்துவிட்டான். நான் காலையிலிருந்து இரவு வரை வாய் ஓயாமல் பேசியும் கடையை ஓட்டப் படாத பாடு படுகிறேன்.

என் பெயர் சவிரிமுத்து. தவராசாவும் நானும் ஜெர்மனியில் ஒரே அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அவன் சைவம், நான் வேதக்காரன், கத்தோலிக்கன். அந்த விசயத்தில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் அவன் வாயைத் திறக்காததால் வந்தவை. கேட்டால்தான் என்ன, சொன்னால்தான் என்ன என்று இருக்கிற ஆளோடு எப்படிச் சிநேகம் வைத்திருப்பது? ஆனாலும் வைத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் அவனுக்கு வேலையும் வீடும் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தது ஒரே மகன் மிதுலனின் ஆங்கிலத்துக்காக. அது மனைவி நகுலேஸ்வரி பிடித்த பிடி. பிள்ளை இங்கிலீசில் படித்தால் டொக்டராகலாம், இஞ்சினியராகலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தைக் கொடுத்தது. கூடவே கையில் ஒரு முட்டைப் பந்தையும் கொடுத்துவிட்டது. பதினைந்து வயதில் பையன் ஆறடியைத் தாண்டினான். பல்கலைக்கழகம் முடிப்பதற்குள் ஒரு கழகம் அவனுக்குச் சம்பளம் பேசியது. றக்பி விளையாடினால் சம்பளம் தருவார்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கலியாண வீடுகளில் மகன் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். "இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தவராசா பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

பிறகு ஜப்பானில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே பெரிய றக்பி அணிகள் அநேகமாகக் கம்பனிகளுக்குச் சொந்தம். டயர் செய்கிற கம்பனி, கார் செய்கிற கம்பனி என்று ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறார்கள். மிதுலனைக் கேட்டது ஹினோசாக்கி என்ற கம்பனி. அது குளிர்ப்பெட்டிகளுக்குக் கம்பிரசர் செய்வது. அணிக்குப் பெயர் ஹினோசாக்கி ஹெரன்ஸ். ஹெரன் என்றால் கொக்கு. நூற்றுப் பத்துக் கிலோவில் கொக்கு எந்தக் குளத்தில் நிற்கும் என்று நான் மிதுலனைச் சீண்டினேன்.

நகுலேஸ்வரி அவ்வளவு தூரம் விடமாட்டேன் என்று நின்றாள். தவராசா அப்போது என் கடையின் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். ஹினோசாக்கி என்ற பெயர் காதில் விழுந்ததும் கையிலிருந்த ஸ்பனரைக் கீழே வைத்தான்.

"ஹினோசாக்கியோ? அவங்கடை கம்பிரசர் பழுதாகிறேல்லை. போகட்டும்."

பெற்ற பிள்ளையை ஒரு கம்பிரசரை நம்பி அனுப்பிய தகப்பன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான். அதற்குப் பிறகு யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் தலையை நிமிர்த்தி, "ஹினோசாக்கியில வேலை" என்றான். கேட்டவர்கள் இஞ்சினியர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை.

அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டாவது வருடம் மிதுலனின் முழங்காலில் அடிபட்டபோது கம்பனி அவனை வெளியே தள்ளவில்லை. தன் ஊழியனாகவே சேர்த்துக்கொண்டது. அந்த அணியில் பாதிப்பேர் அப்படித்தான். காலையில் கம்பனிச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம், மத்தியானத்துக்குப் பிறகு மைதானம். மிதுலனுக்கு ஏற்றுமதிப் பிரிவில் ஒரு மேசை. வெளிநாட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவேண்டும். சாப்பாடு தொழிற்சாலைக் கன்ரீனில், வேலைக்காரரோடு வரிசையில் நின்று. போட்டி என்றால் அதே வேலைக்காரர் குடும்பத்தோடு கொடி பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மிதுலன் கம்பனிச் சட்டையோடு எடுத்த படத்தை நகுலேஸ்வரி என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் காட்டினாள். அவன் விளையாடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் சனிக்கிழமை விடிகாலையில் எழும்பிப் பார்த்தவளும் அவள்தான். தவராசா நித்திரை கொள்ளுவான்.

இரண்டு மாரிக்கு முன்னால் அவள் செத்துப்போனாள். மாரடைப்பு. காலையில் கோப்பி போட்டவள் மத்தியானம் இல்லை.

மிதுலன் வந்தான். கொள்ளி வைத்தான். அழவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு திரும்பிப் போனான், அணிக்குப் போட்டி இருந்தது. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டியில் தாய்க்கு மகன் செய்யவேண்டியதைப் புருசன் செய்தான். ஐயர், மகன் எங்கே என்று கேட்டார். "வேலை" என்றான் தவராசா. அன்றைக்கு எனக்கு மிதுலன் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தகப்பன்மேலும் வந்தது. நில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பையன் நின்றிருப்பான்.

அதற்குப் பிறகு தவராசாவுக்கு ஏதோ மரத்துப்போய்விட்டது. துக்கம் என்று சொல்லவும் முடியாது. துக்கப்படுகிறவன் ஒரு நாளைக்காவது குடிப்பான், யாரையாவது திட்டுவான். இவன் வேலைக்குப் போனான், வந்தான். கையுறை இல்லாமல் குளிர் அறைக்குள் நின்று வேலை செய்தான். விரல் வெடித்து இரத்தம் வந்ததை நான்தான் காட்டினேன். என் மனைவி றோஸ்மலர் ஒருநாள் அவசரத்தில் உப்புப் போடாமல் கறி வைத்துவிட்டாள். அவன் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, தங்கச்சி" என்றான். அவள் குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

சனிக்கிழமைகளில் நான் கடை திறக்கிற நேரத்துக்கு வரத் தொடங்கினான். மரக்கறி வான் வரும் முன்பே வந்து நிற்பான். கல்லாவுக்குப் பக்கத்தில் என் லப்ரொப்பில் ஹெரன்ஸ் விளையாடுவதைப் பார்ப்பான். அவள் பார்த்ததை இனி யார் பார்ப்பது என்று நினைத்தானோ என்னவோ. ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. யார் வென்றது என்றும் கேட்கமாட்டான். மிதுலன் ஆட்கள் குவியலுக்கு அடியில் போனால் மட்டும், "எழும்பிட்டானோ?" என்று கேட்பான். நான் ஓம் என்றால் போதும்.

ஒருநாள் ஹெரன்ஸ் தோற்கிற நிலையில் இருந்தது. நான் பகிடியாக, "உன்ர முருகனைக் கும்பிடு, வெல்லட்டும்" என்றேன்.

"நான் அப்பிடிக் கும்பிடுறேல்லை" என்றான்.

"பின்னை?"

"அந்த ரீம் இல்லாமல் போகவேணும் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன். போனால் தேருக்குச் செடில் குத்திக் காவடி எடுக்கிறன் எண்டு."

நான் வெங்காய மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன். முதுகுத் தோலில் கொளுக்கிகளைக் குத்தி, அவற்றில் கட்டின கயிற்றைப் பின்னால் ஒருவர் பிடிக்க, காவடி தூக்கிப் போவது. இளந்தாரிகள் செய்கிற காரியம். இவனுக்கு அறுபத்திரண்டு வயது.

"விசரே உனக்கு? ஒரு ரீமை அழிக்கச் சொல்லி ஆராவது கடவுளிட்டைக் கேட்பினமோ?"

"ரீம் இல்லாட்டி அவன் வீட்டை வந்திடுவான்."

"அப்ப மகன் வரவேணும் எண்டு நேரடியாக் கேக்கிறதுதானே?"

 அதற்கு அவன் பேசியது நான் அவனிடம் கேட்ட மிக நீளமான பேச்சு.

"பிள்ளை தானா வரவேணும், சவிரி. கடவுள் கழுத்தில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தால் அது வந்ததோ? மறிச்சுக்கொண்டு நிக்கிறதை எடுத்துவிடு, பிறகு அவன் வருவான் எண்டுதான் கேட்டனான்."

"நீ போனில 'வா' எண்டு சொல்லிப் பாத்தியோ?"

"அது எப்பிடி நான் சொல்லுறது? அவன்ர வாழ்க்கை."

இந்த மனிதர்களை என்ன செய்வது? முதுகில் கொளுக்கி குத்தச் சம்மதம். வாயால் ஒரு சொல் சொல்லச் சம்மதமில்லை. எங்கள் அந்தோனியாரிடமும் நேர்த்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்தோனியாரோடு மட்டுமா பேசுகிறார்கள், வீட்டு மனிதரோடும் பேசுகிறார்கள்.

தை மாதம் ஹினோசாக்கி அறிவித்தது. வியாபாரத்தைச் சீர்படுத்துகிறார்களாம், இந்தப் பருவத்தோடு றக்பி அணியை மூடுகிறார்களாம். கம்பனித் தலைவர் கமராக்களுக்கு முன்னால் நின்று நெடுநேரம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். மிதுலன் அன்று தகப்பனுக்குப் போன் எடுத்தான். தாய் செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, அணி போய்விட்டது என்று தேம்பித் தேம்பி அழுதானாம். தவராசா வந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நீ கேட்டது நடந்திட்டுது. சந்தோசமோ?" என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"ஒண்டும் தெரியேல்லை" என்றான். பிறகு, "மற்றப் பிள்ளையள் என்ன செய்வினம்?" என்றான்.

"போடா. உன்ர நேர்த்தியாலையோ ஜப்பானில கொம்பனிக்கு நட்டம் வந்தது? முருகனுக்கு அங்கை விசாவும் இல்லை."

அவன் சிரிக்கவில்லை. தான்தான் செய்தது என்று அவனுக்கு நிச்சயம். அந்த நிச்சயம்கூட அவனைச் சுடவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மே மாதம் கடைசி ஆட்டம். தோற்றார்கள். ஆட்டம் முடிந்தும் ஒருவரும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. தொழிற்சாலை ஆட்கள் வேலைச் சட்டையோடு வந்து, ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவரவர் முன்னால் வந்து குனிந்தார்கள். மிதுலனின் பெயரை அவர்கள் தங்கள் நாக்குக்கு வளைத்து ஏதோ ஒரு மாதிரிச் சொன்னார்கள். அவன் குனிந்தான், நிமிர நேரம் எடுத்தது.  தவராசா லப்ரொப் மூடியில் இருந்த தூசியைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கிழமை மிதுலன் தகப்பனோடு போனில் பேசினான். அணியில் இருந்த மற்ற வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் பெட்டி கட்டுகிறார்கள். அவர்கள் விளையாட்டுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்தவர்கள். மிதுலனோ கம்பனியின் ஊழியன். பந்து போனாலும் மேசை இருக்கிறது. விரும்பினால் ஏற்றுமதிப் பிரிவில் முழுநேரமாக நிற்கலாம், ஆவணி முடியும் முன் பதில் சொல்லவேண்டும் என்று கம்பனி கேட்டிருக்கிறது. இதைத் தகப்பனுக்குச் சொல்லிவிட்டு அவன் பேசாமல் இருந்தான்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"நல்லது எண்டன்."

"பிறகு?"

"பிறகு அவன் வைச்சிட்டான்."

எனக்குக் கையில் இருந்த தராசுத் தட்டை எடுத்து அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது. "தவராசா, அவன் உன்னைக் கேட்டிருக்கிறான். வா எண்டு சொல்லு. இப்ப எடு போனை, நான் அடிச்சுத் தாறன்."

"அவன் முடிவெடுத்திட்டான், சவிரி. இல்லாட்டி எனக்கு ஏன் சொல்லுறான்?"

ஆனி போனது, ஆடி வந்தது. மகன் வருவதாகச் சொல்லவில்லை, தகப்பன் கேட்கவும் இல்லை. ஆனால் காவடிக்கு மட்டும் இங்கேயுள்ள முருகன் கோயிலில் பெயர் பதிந்துவிட்டான். மகன் வராத நேர்த்திக்கு எதற்குக் காவடி என்று நான் சத்தம் போட்டேன். "நான் கேட்டதைக் குடுத்திட்டார். குடுத்தவருக்குக் குடுக்காமல் விடேலாது" என்றான். 

தேர்த் திருவிழாவுக்கு நல்ல வெயில். பொலிஸ் தெருவைப் பாதி மறித்திருந்தது. கவுன்சில்காரன் தேருக்கு முன்னால் உடைக்கிற தேங்காய்களின் சிரட்டை அள்ளுவதற்குப் பெரிய தொட்டிகள் வைத்திருந்தான். செடில் குத்துகிற ஆள் தவராசாவின் முதுகை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை, முதல் தரமோ? நோகும். முருகனை நினையுங்கோ."

கொளுக்கி ஒவ்வொன்றாக ஏறியது. தவராசாவின் கண் இமைக்கவில்லை. குத்தினவரே பயந்து, "அண்ணை, ஏதும் மருந்து போட்டனீங்களோ?" என்று கேட்டார். கயிற்றைப் பிடிக்க ஒரு உறவுக்காரர் வேண்டும். மகன் இல்லை, மச்சான்மார் கனடாவில். கடைசியில் வேதக்காரன் நான் வேட்டி கட்டிக்கொண்டு பிடித்தேன். மற்றக் காவடிகள் மேளத்துக்கு ஆடின. என்னுடைய ஆள் குளிர்ப்பெட்டி திருத்தப் போகிறவன் மாதிரி நேராக நடந்தான். நான் கயிற்றை இழுக்கவேண்டும், அதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. "இழு" என்று அவன்தான் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

இனித்தான் நான் செய்த வேலையைச் சொல்லவேண்டும். என் மகள் லக்‌ஷிகா மிதுலனோடு கூட வளர்ந்தவள். அவளைப் படம் எடுக்கச் சொல்லி, அதை உடனே ஜப்பானுக்கு அனுப்பச் சொன்னேன். தகப்பனின் முதுகை மகன் பார்க்கட்டும். பார்த்தால் எதற்கு என்று கேட்பான். கேட்டால் இந்த மனிதன் சொல்லித்தானே ஆகவேண்டும். அது என் கணக்கு.

கொளுக்கிகளைக் கழற்றித் திருநீறு பூசி, கோயிலின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவனை இருத்தியிருந்தோம். லக்‌ஷிகாவின் போன் அடித்தது. மிதுலன்தான். முகம் தெரிந்தது. அவள் போனைத் தவராசாவின் கையில் கொடுத்தாள்.

"அப்பா, வட் இஸ் திஸ்? ஏன் உங்கடை முதுகில… ஆருக்கு இந்த நேர்த்தி?"

தவராசா நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சொல்லு என்று நான் தலையை ஆட்டினேன்.

"உனக்குத்தான்" என்றான்.

"எனக்கென்ன?"

 தவராசா தொண்டையைச் செருமினான்.

"உனக்கு அந்தக் கொம்பனியில நிரந்தர வேலை கிடைக்கவேணும் எண்டு வைச்சனான். கிடைச்சிட்டுது. அதுதான்."

 மிதுலன் கையால் முகத்தைத் துடைத்தான். அவனுக்குத் தமிழ் தடக்கித் தடக்கித்தான் வரும். அன்று தேடித் தேடி எடுத்துப் பேசினான்.

"நான் இன்னும் சைன் வைக்கேல்லை, அப்பா. அம்மாவின்ர முப்பத்தொண்டுக்கு நிக்காமல் வந்திட்டன். உங்களுக்கு என்னில கோவம் எண்டு நினைச்சன். நீங்கள் ஒருக்கா வா எண்டு சொன்னால் எல்லாத்தையும் விட்டிட்டு வாறது எண்டு இருந்தனான். ஒவ்வொரு முறை பேசேக்கையும் பாத்துக்கொண்டிருந்தன். ஐ வோஸ் வெயிற்றிங், அப்பா." அவன் மூக்கை உறிஞ்சினான். "இப்பதான் விளங்குது. நான் இஞ்சை நிக்கிறதுதான் உங்களுக்கும் விருப்பம். திங்கட்கிழமை சைன் வைக்கிறன். ஓகேயோ?"

லக்‌ஷிகா என்னைப் பார்த்தாள். நான் தவராசாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். 'வா எண்டு சொல்லு' என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். போனைப் பறித்து நானே சொல்லியிருக்கலாம். ஆனால் பையன் காத்திருந்தது என்னுடைய சொல்லுக்கு இல்லை. தவராசா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பல மாதத்துக்குப் பிறகு பையனின் முகத்தில் நிம்மதி தெரிந்தது, அது எனக்கே தெரிந்தது.

"ஓம்" என்றான். "வை. சாப்பிட்டியோ?"

சாப்பிட்டேன் என்றான் மிதுலன். அடுத்த வருடம் லீவில் வருவதாகச் சொன்னான். முதுகை டொக்டரிடம் காட்டச் சொன்னான். போன் நின்றது.

லக்‌ஷிகா போனை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன்மேலா, என்மேலா என்று தெரியவில்லை.  முன்பக்கத்தில் தேர் தன் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்து மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

தவராசா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தான். முதுகு நடுங்கியது.

"நோகுது, சவிரி" என்றான். "நல்லா நோகுது."

நகுலேஸ்வரி போனபிறகு அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான்.